கைமுதலுக்கு வட்டி தேறுகிறதா? பங்குதாரருக்கு ஒரு நிறுவனம் சேர்க்கும் மதிப்பை அளக்கும் முறை

சொந்தக் கட்டடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். செலவெல்லாம் போக மாதம் 40,000 ரூபாய் அவர் கையில் நிற்கிறது. கடை லாபத்தில் ஓடுகிறது என்று ஊரே சொல்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் மாதம் 25,000 ரூபாய் வரும். சரக்கில் முடங்கிக் கிடக்கும் 8 லட்ச ரூபாயை ஏழரை விழுக்காட்டு வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் மாதம் 5,000 ரூபாய் கிடைத்திருக்கும். விடிந்தது முதல் இரவு வரை அவர் கல்லாவில் உட்காரும் வேலைக்கு இன்னொரு கடையில் 15,000 ரூபாயாவது சம்பளம் தருவார்கள். மூன்றையும் கூட்டினால் 45,000 ரூபாய் ஆகிறது. அப்படியானால் அவருடைய கடை மாதந்தோறும் 5,000 ரூபாயை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவருடைய பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் அந்த நட்டம் எழுதப்பட்டிருக்காது.

"கைமுதலுக்கு வட்டிகூடத் தேறவில்லை" என்று நம் வியாபாரிகள் சொல்வது இந்த நிலையைத்தான். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களின் கணக்கிலும் இதே இடைவெளி உண்டு. வங்கியிடம் வாங்கிய கடனுக்கான வட்டி லாப நட்டக் கணக்கில் கழிக்கப்படுகிறது. பங்குதாரர் போட்ட பணத்துக்கோ எந்த வட்டியும் கழிக்கப்படுவதில்லை. அந்தப் பணம் இலவசமாக வந்ததுபோலவே நிகர லாபம் கணக்கிடப்படுகிறது. எனவே நிகர லாபம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பங்குதாரரின் செல்வம் கரைந்துகொண்டிருக்க முடியும். ஓய்வூதியப் பணத்தைப் பங்குகளில் போட்டுவிட்டு, "லாபம் வருகிறதே, பிறகு ஏன் பங்கு நகரவில்லை?" என்று கேட்பவர்கள் பலர். அந்தக் கேள்விக்கு அவர்களே விடை கண்டுபிடிக்க முடியும் என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும்.

இந்தக் கருத்து புதிதன்று. முதலுக்கு நடப்பு வட்டியைக் கழித்த பிறகு மிஞ்சுவதே தொழில் நடத்தியவரின் உண்மையான ஈட்டல் என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டிலேயே எழுதினார். அமெரிக்காவின் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்னும் ஆலோசனை நிறுவனம் இதற்கு 'பொருளாதாரக் கூடுதல் மதிப்பு' என்ற பொருளில் இ.வி.ஏ. என்று பெயரிட்டு, 1990களில் உலகெங்கும் பரப்பியது. இந்தியாவில் இன்ஃபோசிஸ், இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையிலேயே இந்தக் கணக்கை வெளியிட்டிருக்கின்றன. கோத்ரெஜ் குழுமம் மேலாளர்களின் ஊக்கத்தொகையை இதனோடு இணைத்தது. ஆயினும் பெரும்பாலான நிறுவனங்கள் இதை வெளியிடுவதில்லை என்பதால் நாமே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொடங்குமுன் தேவையானவை

நிறுவனத்தின் கடைசி ஆறு ஆண்டறிக்கைகளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியிலும், மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் தளங்களிலும் அவை இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வோர் அறிக்கையிலும் இரண்டு வகைக் கணக்குகள் இருக்கும்: தனி நிறுவனக் கணக்கு ஒன்று, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு மற்றொன்று. எப்போதும் ஒருங்கிணைந்த கணக்கையே எடுங்கள். துணை நிறுவனத்தில் கடனும் நட்டமும் ஒதுங்கிக் கிடந்தால் தனிக் கணக்கில் அவை முழுமையாகத் தெரியா.

பங்கின் விலையைப் பார்த்து மதிப்பை எடைபோடும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிட வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 ஜூன் மாதத்தில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது, இந்தியாவின் மிகப் பெரிய நிறுவனம் அதுதானா என்று பலர் கேட்டார்கள். அந்நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 42.4 லட்சம் மட்டுமே. ஆகவே மொத்தச் சந்தை மதிப்பு அன்று சுமார் 42,400 கோடி ரூபாய். பங்குகளைப் பிரிக்காமல் வைத்திருந்ததால் ஒரு பங்கின் விலை அவ்வளவு உயரத்தில் நின்றது, அவ்வளவுதான்.

முதற்படி: தொழில் ஈட்டிய லாபம்

இனி, பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றைக் கற்பனையாக வைத்துக்கொண்டு எண்களோடு நடப்போம். அதன் லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 132 கோடி ரூபாய் என்று இருக்கிறது. நாம் தேடுவது, பணம் கடனாக வந்ததா பங்குதாரரிடமிருந்து வந்ததா என்ற வேறுபாடில்லாமல், தொழில் மட்டும் ஈட்டிய தொகை. ஆகவே 'நிதிச் செலவுகள்' என்ற வரியில் உள்ள 24 கோடியைத் திரும்பக் கூட்டுகிறோம். 'இதர வருமானம்' என்ற வரியில் வங்கி வைப்பு, மியூச்சுவல் ஃபண்ட் ஆகியவற்றிலிருந்து வந்த 9 கோடியைக் கழிக்கிறோம். அது பம்பு விற்று வந்த பணமன்று. 132 + 24 − 9 = 147 கோடி ரூபாய் செயல்பாட்டு லாபம். இதற்கு 25.17 விழுக்காட்டு வரியாக 37 கோடியைக் கழித்தால் மிஞ்சுவது 110 கோடி.

வரி விகிதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2019 செப்டம்பரில் மத்திய அரசு நிறுவன வரியைக் குறைத்தது. அதற்கு முன் பெரிய நிறுவனங்களுக்கு மேல்வரி, செஸ் உட்பட 34.94 விழுக்காடாக இருந்த வரி, சலுகைகளை விட்டுக்கொடுத்துப் புதிய முறைக்கு மாறியவர்களுக்கு 25.17 விழுக்காடாக இறங்கியது. 100 ரூபாய் செயல்பாட்டு லாபத்தில் 65 ரூபாய் மிஞ்சிய இடத்தில் 75 ரூபாய் மிஞ்சியது. அந்த ஆண்டைத் தாண்டி ஒப்பிடுகிறவர்கள் இந்தத் தாவலை நிர்வாகத்தின் திறமை என்று எண்ணிவிடக் கூடாது. அதேபோல் நிலம் விற்ற லாபம், வழக்குத் தோற்றுக் கட்டிய அபராதம் போன்ற ஒருமுறை நிகழ்வுகள் 'விதிவிலக்கான இனங்கள்' என்ற தலைப்பில் வந்தால் அவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் ஏதாவதொரு விதிவிலக்கான நட்டம் வந்துகொண்டே இருந்தால், அது வாடிக்கையான செலவுதான். அதை ஒதுக்காமல் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

இரண்டாம் படி: போட்ட முதல் எவ்வளவு?

புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இங்கே பொறுமையாக இருந்தால் மற்றவை எளிது. இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து, பங்கு மூலதனத்தையும் அதன் கீழுள்ள காப்பு நிதி, உபரி ஆகியவற்றையும் கூட்டுங்கள். காப்பு நிதி என்பது கடந்த ஆண்டுகளின் லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்காமல் நிறுவனம் வைத்துக்கொண்ட பணம். அதை நிறுவனத்தின் சொந்தப் பணம் என்று நினைப்பது பொதுவான பிழை. பங்குதாரரின் சட்டைப்பைக்கு வந்திருக்க வேண்டிய பணத்தை, "இன்னும் நன்றாகப் பெருக்கித் தருகிறேன்" என்று சொல்லாமல் சொல்லி நிர்வாகம் எடுத்துவைத்திருக்கிறது. ஆகவே அதற்கும் வட்டி கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதனுடன் நீண்டகாலக் கடன், குறுகியகாலக் கடன், குத்தகைப் பொறுப்பு ஆகிய மூன்றையும் சேருங்கள். பிறகு தொழிலுக்குத் தேவைப்படாமல் வங்கியிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் இருக்கும் உபரிப் பணத்தைக் கழியுங்கள். அதன் வருமானத்தை முதற்படியில் கழித்துவிட்டோம் என்பதால் இங்கும் கழித்தால்தான் கணக்கு ஒத்துப்போகும். ஆண்டு முழுவதும் உழைத்த பணத்தை அளக்க வேண்டும் என்பதால் ஆண்டுத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சராசரி எடுங்கள். நம் பம்பு நிறுவனத்தில் பங்குதாரர் நிதி தொடக்கத்தில் 700 கோடி, முடிவில் 770 கோடி, சராசரி 735 கோடி. கடனும் குத்தகைப் பொறுப்பும் சராசரியாக 300 கோடி. உபரிப் பணம் சராசரியாக 135 கோடி. போட்ட முதல் 735 + 300 − 135 = 900 கோடி ரூபாய். அதன்மேல் ஈட்டியது 110 கோடி என்றால், வருமான விகிதம் 12.2 விழுக்காடு.

இரண்டு இடங்களில் இந்த எண் நம்மை ஏமாற்றும். முதலாவது, 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய குத்தகைக் கணக்கியல் தரம். அதுவரை வெறும் வாடகைச் செலவாக எழுதப்பட்ட கடைகள், கிடங்குகள், விமானங்கள் ஆகியவற்றின் எதிர்கால வாடகைப் பொறுப்பு அன்றுமுதல் இருப்புநிலைக் குறிப்புக்குள் வந்தது. சில்லறை வணிகம், விமானப் போக்குவரத்து போன்ற துறைகளில் முதலின் அளவு ஒரே ஆண்டில் ஊதியதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது, கணக்கிலிருந்து அழிக்கப்படும் முதல். 2007இல் டாடா ஸ்டீல் நிறுவனம் ஐரோப்பாவின் கோரஸ் நிறுவனத்தைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார நெருக்கடி வந்து ஐரோப்பிய எஃகுத் தேவை சரிந்தது. 2013இல் சுமார் 160 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து குறைத்து எழுதினார்கள். இப்படிக் குறைத்து எழுதுவது கணக்கியல்படி சரியானது, கட்டாயமானதும்கூட. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு முதல் வகுக்கும் எண் சிறுத்துவிடுவதால், லாபம் கொஞ்சமும் கூடாமலேயே வருமான விகிதம் உயர்ந்துவிடும். பங்குதாரர் கொடுத்த பணம் உண்மையில் போய்விட்டது. அது போனதற்கான பொறுப்பு மட்டும் கணக்கில் மறைகிறது. ஆகவே குறைத்து எழுதிய தொகையை நீங்கள் முதலோடு திரும்பக் கூட்டிக்கொண்டே அளவிடுங்கள்.

மூன்றாம் படி: அந்த முதலுக்கு எவ்வளவு வட்டி?

கடனுக்கான செலவு தெரிந்ததே. 300 கோடிக்கு 24 கோடி வட்டி என்றால் 8 விழுக்காடு. வட்டிக்கு வரி விலக்கு உண்டு என்பதால் உண்மைச் செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு.

பங்குதாரரின் பணத்துக்கு யாரும் விலைச்சீட்டு ஒட்டவில்லை என்பதே சிக்கல். இதை இப்படி யோசியுங்கள்: மத்திய அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரத்தில் பணம் போட்டால் எந்தக் கவலையும் இல்லாமல் 7 விழுக்காட்டையொட்டி வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை விட்டுவிட்டு, தூக்கம் கெடுக்கும் பங்குச் சந்தைக்கு ஒருவர் வர வேண்டுமானால், கூடுதலாக 5 முதல் 7 விழுக்காடாவது எதிர்பார்ப்பார். ஆக, பங்கு முதலின் செலவு 12 முதல் 14 விழுக்காடு. பங்கின் விலை சந்தையோடு எவ்வளவு ஆடுகிறது என்பதைக் காட்டும் 'பீட்டா' என்ற எண்ணைக் கொண்டு இதை மேலும் நுணுக்கமாகக் கணக்கிடும் முறை பாடநூல்களில் உண்டு. புதியவர்கள் அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. எந்தக் காலத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். 13 விழுக்காட்டை நடுவில் வைத்து, 12க்கும் 14க்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இரண்டு செலவுகளையும் சந்தை மதிப்பின் பங்கு விகிதத்தில் கலக்க வேண்டும். பம்பு நிறுவனத்தின் பங்குகளின் சந்தை மதிப்பு 1,200 கோடி, கடன் 300 கோடி என்றால், ஐந்தில் நான்கு பங்கு பங்குதாரர் பணம், ஒரு பங்கு கடன். 13 விழுக்காட்டில் ஐந்தில் நான்கு 10.4, 6 விழுக்காட்டில் ஐந்தில் ஒன்று 1.2, கூட்டினால் மூலதனச் செலவு 11.6 விழுக்காடு.

900 கோடிக்கு 11.6 விழுக்காடு 104.4 கோடி ரூபாய். தொழில் ஈட்டிய 110 கோடியிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 5.6 கோடி. இதே நிறுவனத்தின் நிகர லாபம் 99 கோடி ரூபாய் என்று செய்தித்தாளில் வந்திருக்கும். பங்குதாரருக்காக அது புதிதாக உருவாக்கிய மதிப்போ 6 கோடிக்கும் குறைவு.

பங்கு முதலின் செலவை 12 விழுக்காடாக வைத்தால் மிஞ்சுவது 12.8 கோடி. 14 விழுக்காடாக வைத்தால் 1.6 கோடி பற்றாக்குறை. இந்த ஆட்டத்தைக் கண்டு முறையே தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விடை பூஜ்யத்தைச் சுற்றி ஆடுவதே ஒரு விடைதான்: இந்த நிறுவனம் கைமுதலுக்கு வட்டி தேறும் விளிம்பில் நிற்கிறது. உண்மையில் மதிப்பு உருவாக்கும் நிறுவனம் என்றால் மூன்று விகிதங்களிலும் கணிசமான உபரி தெரியும்.

நான்காம் படி: புதிதாகப் போட்ட பணம் என்ன செய்தது?

எனக்கு ஒரேயொரு கணக்குப் போட மட்டும் நேரம் இருந்தால் இதைத்தான் போடுவேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே நிறுவனம் 560 கோடி முதலைக் கொண்டு 82 கோடி ஈட்டியது என்று வைத்துக்கொள்வோம், அது 14.6 விழுக்காடு. இன்று 900 கோடியில் 110 கோடி. லாபம் 28 கோடி, அதாவது 34 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தில் தலைவர் இதைப் பெருமையோடு எழுதியிருப்பார். ஆனால் அந்த 28 கோடிக்காகக் கூடுதலாகப் போட்ட முதல் 340 கோடி. அதன்மேல் வருமானம் 8.2 விழுக்காடு மட்டுமே, செலவோ 11.6 விழுக்காடு. அதே செலவு விகிதத்தை வைத்துப் பார்த்தால், ஐந்து ஆண்டுகளுக்கு முன் 17 கோடியாக இருந்த கூடுதல் மதிப்பு இன்று 6 கோடிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பழைய தொழிலின் நல்ல வருமானம், புதிய விரிவாக்கத்தின் மோசமான வருமானத்தைப் போர்த்தி மறைத்துக்கொண்டிருக்கிறது. சராசரி விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு 12.2 என்ற எண் பரவாயில்லை என்றே தோன்றியிருக்கும்.

ஓராண்டு இடைவெளியில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். கட்டி முடியாத ஆலையில் பணம் முடங்கியிருக்கும் ஆண்டில் எந்த நல்ல நிறுவனமும் மோசமாகவே தெரியும். ஐந்து ஆண்டு இடைவெளி நியாயமானது. சிமென்ட், மின்சாரம் போன்ற துறைகளுக்கு ஏழு ஆண்டுகளும் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: சந்தை ஒப்புக்கொண்டதா?

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1980களில் தம் பங்குதாரர்களுக்கு ஒரு சோதனையைச் சொன்னார்: நிறுவனம் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு டாலரும், காலப்போக்கில் குறைந்தது ஒரு டாலர் சந்தை மதிப்பையாவது உருவாக்க வேண்டும். பம்பு நிறுவனம் ஐந்தாண்டுகளில் மொத்தம் 430 கோடி நிகர லாபம் ஈட்டி, 130 கோடியை ஈவுத்தொகையாகக் கொடுத்து, 300 கோடியை வைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் சந்தை மதிப்பு 1,050 கோடியிலிருந்து 1,200 கோடிக்கு, அதாவது 150 கோடி மட்டுமே உயர்ந்தது. வைத்துக்கொண்ட ஒவ்வொரு ரூபாயும் 50 காசாகத் தேய்ந்திருக்கிறது. நான்காம் படியின் முடிவைச் சந்தையும் உறுதிசெய்கிறது.

பங்குதாரரின் கைக்கு வந்த வருமானத்தையும் பார்த்துவிடுவோம். 10 கோடிப் பங்குகள். விலை 105 ரூபாயிலிருந்து 120 ரூபாய். ஐந்தாண்டுகளில் பங்கொன்றுக்கு 13 ரூபாய் ஈவுத்தொகை. 105 ரூபாய் போட்டவருக்குக் கிடைத்தது 28 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. போனஸ் பங்கோ பங்குப் பிரிப்போ நடந்திருந்தால் பழைய விலையை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு நிறுவனம் விற்கும் உரிமைப் பங்குக்கு நீங்கள் கட்டிய பணத்தை, போட்ட முதலோடு சேர்க்க வேண்டும். ஒப்பிடும்போது வெறும் நிஃப்டி குறியீட்டை எடுக்காமல், ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடப்படும் மொத்த வருவாய்க் குறியீட்டை எடுங்கள். மியூச்சுவல் ஃபண்டுகள் இதோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்று 2018 பிப்ரவரி முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. இன்னொரு சிறு கவனம்: 2020 ஏப்ரலுக்கு முன் ஈவுத்தொகை மீதான வரியை நிறுவனமே கட்டியது, இப்போது ஈவுத்தொகை உங்கள் வருமானத்தில் சேர்ந்து, உங்கள் வரிப்படிக்கேற்ப அதற்கு வரி கழிகிறது.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தாது. அவற்றுக்குக் கடன் என்பது மூலப்பொருள். ஆகவே நிகர லாபத்தைப் பங்குதாரர் நிதியால் வகுத்து, அந்த விகிதத்தைப் பங்கு முதலின் செலவோடு நேரடியாக ஒப்பிட்டால் போதும்.

ஒரு நிறுவனத்துக்கு முதன்முறை இந்தக் கணக்கைப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆகலாம். அடுத்த ஆண்டு ஒரு வரியைச் சேர்க்க அரை மணி நேரம் போதும். மார்ச்சில் நிதியாண்டை முடிக்கும் நிறுவனங்கள் செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்த வேண்டும். அதற்கு 21 நாள்களுக்கு முன்பே அழைப்பும் ஆண்டறிக்கையும் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். ஒரேயொரு பங்கு வைத்திருப்பவரும் கேள்வி கேட்கலாம். பல நிறுவனங்களில் இப்போது காணொளி வழியாகவே பேச முன்பதிவு செய்துகொள்ள முடிகிறது. வளர்ச்சி எப்படி இருக்கும் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "கடந்த ஐந்தாண்டுகளில் தொழிலில் கூடுதலாக 340 கோடி ரூபாய் போட்டிருக்கிறீர்கள், அதனால் வரிக்குப் பிந்தைய செயல்பாட்டு லாபம் 28 கோடி மட்டுமே உயர்ந்திருக்கிறது. அந்தப் பணம் எந்த ஆலைகளுக்குப் போயிற்று, அவற்றிலிருந்து எந்த ஆண்டில் எத்தனை விழுக்காடு வருமானம் எதிர்பார்க்கிறீர்கள்?"